ஆறு ஆண்டுகளாக என் மேசையில் இருக்கும் பிஎச்பி புத்தகம்

பெங்களூரு ராஜாஜிநகரில் ஓர் அச்சகத்தில் கணக்கும் ஆர்டர் பதிவும் என் பொறுப்பு. கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் விழா நோட்டீஸ் என வருகிற அத்தனையையும் பேரேட்டில் கையால் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பேரேட்டை ஓர் இணையப் பக்கமாக மாற்றிவிட வேண்டும் என்ற ஆசையில் 2018-இல், இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பி கற்க ஆரம்பித்தேன். மூன்று புத்தகங்கள் வாங்கினேன். முதல் இரண்டும் என் ஓராண்டைத் தின்றுவிட்டன. மூன்றாவதை 2019 கடைசியில் வாங்கினேன். இன்றும் அதைத்தான் புரட்டுகிறேன்.

முதல் புத்தகம் அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. தலையணை கனம், விலை 150 ரூபாய். இவ்வளவு பெரிய புத்தகத்தில் எல்லாம் இருக்கும் என்று நம்பி வாங்கினேன். தினமும் இரவு அல்சூர் வீட்டில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் தட்டச்சு செய்தேன். தகவலைச் சேமித்து வைக்கும் தரவுத்தளத்தோடு இணைக்கும் அத்தியாயம் வந்ததும் எல்லாம் நின்றுபோனது. அப்படி ஒரு ஃபங்ஷனே (ஒரு வேலையைச் செய்து தரும் பெயரிட்ட கட்டளை) இல்லை என்று திரையில் பிழைச் செய்தி. மூன்று வாரம் எழுத்துப் பிழை தேடினேன். நமக்கு இது வராது என்று மனம் உடைந்த நேரத்தில் அக்கா மகனை அழைத்தேன். அவன் ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கிறான்.

"சித்தி, நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் என்ன ஆண்டு போட்டிருக்கிறது, பாருங்கள்" என்றான்.

2006 என்று போட்டிருந்தது. 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7, தரவுத்தளத்தோடு இணைக்கும் 'மைஎஸ்க்யூஎல் கனெக்ட்' உள்ளிட்ட அந்தப் பழைய ஃபங்ஷன்களை அடியோடு நீக்கிவிட்டது. நான் படித்துக்கொண்டிருந்தது வழக்கொழிந்த மொழி. பிழை வந்து நின்றதே நல்லது என்று பிறகுதான் புரிந்தது. அந்தப் புத்தகம் படிவத்தில் வருவதை அப்படியே தரவுத்தள வினவலுக்குள், அதாவது தரவைக் கேட்கும் கட்டளைக்குள், ஒட்டச் சொன்னது. யாராவது பெயர்க் கட்டத்தில் ஒரு கட்டளையை எழுதி அனுப்பினால் அச்சகத்தின் மொத்தக் கணக்கும் அவர் கையில். கடவுச்சொல்லை 'எம்டி5' என்ற கணக்கீட்டு முறை கொண்டு மறைக்கச் சொன்னது. அது மிக வேகமாகக் கணக்கிடக்கூடியது, அந்த வேகமே திருடுபவனுக்கு வசதி. இவை ஓடியிருந்தால் நான் சரியாகக் கற்றுவிட்டதாகவே நினைத்திருப்பேன்.

பழைய கடைகளில் அட்டையில் 'பிஎச்பி 6' என்று போட்ட புத்தகம் கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். அந்தப் பதிப்பு வெளிவரவே இல்லை. மொழியின் உள்ளேயே யூனிகோடை, அதாவது உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையை, கொண்டுவரும் பெரிய முயற்சியாகத் தொடங்கி 2010-இல் கைவிடப்பட்டது. வரப்போகிறது என்று நம்பி எழுதப்பட்ட புத்தகங்கள் மட்டும் முன்னதாகவே அச்சாகிவிட்டன. 5-க்கு அடுத்து 7 வந்தது அதனால்தான்.

இரண்டாவது புத்தகம் புத்தம் புதியது, வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் கணினித் திரையின் படங்கள். முதல் வாரத்திலேயே ஒரு ஃபிரேம்வொர்க்கை (முன்பே எழுதி வைத்த நிரல் சட்டகம்) கையில் கொடுத்து இணையக் கடை ஒன்றைக் கட்ட வைத்தது. கட்டி முடித்தேன். ஆனால் என் ஆர்டர் பதிவேட்டை ஆரம்பிக்க உட்கார்ந்தபோது முதல் வரி எழுதத் தெரியவில்லை. பத்திரிகைக்கு ப்ரூஃப் திருத்தும் எனக்கு இது பழகிய விஷயம்: பார்த்து எழுதுவது வேறு, எழுதத் தெரிவது வேறு. ஃபிரேம்வொர்க்கின் அடுத்த பதிப்பு வந்ததும் பாதி எடுத்துக்காட்டுகள் ஓடவும் இல்லை.

மூன்றாவது, முந்நூறு பக்கம் கூட வராத மெலிந்த புத்தகம். பிஎச்பி 7-க்கு எழுதியது. அதன் பெயரை நான் சொல்லவில்லை. இன்று வாங்குகிறவர் 2020-இல் வந்த பிஎச்பி 8-க்கோ அதற்குப் பிறகோ எழுதப்பட்டதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் அது எப்படிப்பட்ட புத்தகம் என்பதைச் சொல்கிறேன். முதல் நாற்பது பக்கங்களில் தரவுத்தளமே கிடையாது. உலாவி சர்வரிடம் என்ன அனுப்புகிறது, சர்வர் என்ன திருப்புகிறது, ஒரு வேண்டுகோள் முடிந்ததும் பிஎச்பி எல்லாவற்றையும் மறந்துவிடுவது ஏன், அந்த மறதியை ஈடுகட்டத்தான் உலாவியில் வைக்கும் குறிப்பான குக்கியும், சர்வரில் வைக்கும் குறிப்பான செஷனும் என்று பொறுமையாக விளக்குகிறது. மெட்ரோவில், மெஜஸ்டிக்கில் வண்டி மாறும் இடைவெளியில், அந்த நாற்பது பக்கங்களை மூன்று முறை படித்தேன். பதிப்புகள் மாறியும் அவற்றில் ஒரு வரி கூடப் பழையதாகவில்லை.

ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் பயிற்சிகள், விடைகள் கடைசியில். மேலே பார்த்து எழுதித் தப்பிக்க முடியாத பயிற்சிகள். ஐந்தாவது மாதம் என் ஆர்டர் பக்கம் அச்சகத்தில் ஓடத் தொடங்கியது.

பிஎச்பி 8 வந்தபோது நானே சில இடங்களைப் பென்சிலால் திருத்தினேன். சுழியத்தையும் ஒரு சாதாரண எழுத்துச் சரத்தையும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் முன்பு 'சமம்' என்று வரும். 8-இல் 'சமமில்லை' என்று வரும். இதற்கு மொழியின் அதிகாரபூர்வக் கையேடு கைகொடுத்தது. ஒவ்வொரு ஃபங்ஷனும் எந்தெந்தப் பதிப்பில் உண்டு என்று அதில் மேலேயே போட்டிருப்பார்கள். இணையத்தில் இலவசம். கற்றுக்கொள்ள அது உதவாது, சரிபார்க்க அதைவிட நல்லது கிடையாது.

குறையும் உண்டு, எனக்கு அது பெரிய குறை. எழுத்துகளை எண்ணுவது பற்றி அந்தப் புத்தகம் ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்துப் பேசுகிறது. பெயர் நாற்பதுக்குள் இருக்க வேண்டும் என்று அது சொன்ன முறையில், நீளத்தை எண்ணும் 'எஸ்டிஆர்லென்' ஃபங்ஷனை வைத்து எழுதினேன். முதல் வாரமே 'மீனாட்சிசுந்தரம்' என்ற வாடிக்கையாளரின் பெயரைப் பக்கம் ஏற்க மறுத்தது. நாம் எண்ணினால் 9 எழுத்து. அந்த ஃபங்ஷன் எண்ணுவது பைட்டுகளை, அதாவது கணினியின் சேமிப்பு அலகுகளை. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் நம் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், ஆக 48. 'எம்பி எஸ்டிஆர்லென்' என்று கேட்டால் 16, ஏனென்றால் புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடு. 'கிராஃபீம் எஸ்டிஆர்லென்' மட்டுமே 9 என்கிறது. கன்னடப் பெயர்களுக்கும் இதே கதிதான். பாதிக்குப் பாதி தமிழும் கன்னடமும் புழங்கும் அச்சகத்தில் இது சின்ன விஷயமா?

சென்ற ஆண்டு அக்கா மகளும் பிஎச்பி கற்கப் போவதாகச் சொன்னாள். சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு அழைத்துப்போனேன். ஒவ்வொரு புத்தகத்திலும் முதலில் ஆண்டு, அடுத்து தரவுத்தளத்தோடு இணைக்கும் பக்கம், பிறகு கடவுச்சொல் பக்கம். தரவுத்தளத்தோடு இணைக்கும் இன்றைய வழிகளான 'பிடிஓ' அல்லது 'மைஎஸ்க்யூஎல்ஐ' வழியாக, வினவலைத் தனியாகவும் மதிப்பைத் தனியாகவும் அனுப்புகிறதா என்று பார்த்தோம். கடவுச்சொல்லைப் பாதுகாப்பாக மறைக்க 2013-இல் வந்த 'பாஸ்வேர்ட் ஹாஷ்' ஃபங்ஷன் இருக்கிறதா என்று தேடினோம். நான்கில் இரண்டை உடனே திருப்பி வைத்தோம். மிச்சம் இரண்டில் பயிற்சிகள் உள்ளதை வாங்கினாள்.

அதிலும் தமிழ் எழுத்தை எண்ணுவது பற்றி ஒரு சொல் இல்லை. கடைசி வெற்றுப் பக்கத்தில் மீனாட்சிசுந்தரத்தின் கணக்கை, 48, 16, 9 என்று பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.