காரோட எஞ்சினை ஓட்டுற கம்ப்யூட்டர் எரிஞ்சிருச்சுன்னு சொல்லி 8 லட்சம் கியாட் பிடுங்கிட்டாங்க. யாங்கோன்ல கார் வச்சிருக்கிற நம்ம மக்கள் படிங்க

வயிறு எரியுது, ஆறுறதுக்குள்ள எழுதிடுறேன். கடைப் பேரைப் போடலை. ஸ்கேனர் வச்சு கார் கரண்ட் வேலை பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப், அவ்வளவுதான். போனது 8 லட்சம் கியாட்.

என்னோடது டொயோட்டா ப்ராபாக்ஸ், 1500 சிசி, மளிகைச் சாமான் ஏத்துற வண்டி. ஒரு பேய்மழைக்கு அப்புறம் எஞ்சின் நடுங்குச்சு, இழுவை போச்சு, செக் எஞ்சின் லைட்டும் எரிஞ்சது. ஒர்க்‌ஷாப்காரர் தமிழ்ல பேசினார். "வாங்கண்ணே, நம்ம ஆளுங்களுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறேன்"னு உட்கார வச்சு டீ வாங்கிக் கொடுத்தார். ஸ்கேனரைச் சொருகி, பி0352-ன்னு வந்த கோளாறு கோட் நம்பரை என்கிட்டயே காட்டினார். ரெண்டாவது சிலிண்டர்ல நெருப்புப் பொறிக்குக் கரண்ட் கொடுக்கிற காயிலைக் கழட்டி என் கையில கொடுத்தார். அடி ரப்பர் கறுத்துக் கிடந்தது. "காயில் ஷார்ட் ஆகி கம்ப்யூட்டரையும் சேர்த்து எரிச்சிருச்சுண்ணே. ஜப்பான்ல கழட்டின கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு, காயிலோட 8 லட்சம்." கண்ணால கோட் நம்பரைப் பார்த்த பிறகு யார் சந்தேகப்படுவாங்க? எண்ணிக் கொடுத்தேன்.

அடுத்த மழைக்கே திரும்ப அதே நடுக்கம், அதே கோட்.

போன் பண்ணினா "நாளைக்கு வாங்கண்ணே". போனா "முதலாளி மோல்மீன் போயிருக்கார்". பழைய கம்ப்யூட்டரைக் கேட்டா "குப்பையில போட்டாச்சு". கடைசியில "கரண்ட் சாமானுக்கு கேரண்டி கிடையாதுண்ணே, வெளியில எழுதியே போட்டிருக்கோம்ல". டீ வாங்கிக் கொடுத்த அதே வாய்!

பெகுவில மெக்கானிக்கா இருக்கிற என் மச்சான் வந்து பார்த்தார். டாஷ்போர்டைப் பிரிச்சா, கம்ப்யூட்டரைப் பிடிச்சிருக்கிற போல்ட் மேல வருஷக் கணக்கான தூசி அப்படியே படிஞ்சிருக்கு. ஸ்பேனரே பட்டதில்லை. மாத்தவே மாத்தாம 8 லட்சம்!

ரெண்டாவது காயிலை மூணாவது இடத்துக்கு மாத்திப் போட்டார். கோட், மூணாவது சிலிண்டருக்கான 0353-ன்னு மாறினா காயில்தான் கோளாறு. மாறலை, 0352-லயே நின்னுச்சு. காயில்ல வயர் சொருகுற சாக்கெட்டைப் பார்த்தா லாக் உடைஞ்சு, பின்னுல பச்சையா களிம்பு. தண்ணி இறங்கியிருக்கு. இந்த எஞ்சின்ல இக்னைட்டர், அதாவது காயிலுக்குப் போற கரண்டை விட்டு நிறுத்துற சுவிட்ச், காயிலுக்குள்ளேயே இருக்காம். கம்ப்யூட்டர் சின்ன சிக்னல் மட்டும்தான் அனுப்பும், நெருப்புப் பொறி விழுந்ததுன்னு காயில் திரும்பச் சொல்லணும். பதில் வரலைன்னாலே அந்தக் கோட் விழும். அதுக்குக் காரணம் காயில், சாக்கெட், வயர்னு எதுவா வேணா இருக்கலாம். கம்ப்யூட்டரைச் சந்தேகப்படுறது கடைசியில. காயில் ஷார்ட்ல கம்ப்யூட்டர் எரியறது, அந்த சுவிட்ச் வேலையைப் பார்க்கிற டிரைவர் டிரான்சிஸ்டர் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிற வண்டிங்கள்லதான் அதிகமாம். சாக்கெட்டை மாத்தினதும் வண்டி சீராயிடுச்சு.

விவரமா இன்னொரு நாள் எழுதுறேன், இப்ப முடியலை. கம்ப்யூட்டர் போச்சுன்னு சொன்னா, முதல்ல காயிலை இடம் மாத்திக் காட்டச் சொல்லுங்க. சாக்கெட்டைக் கழட்டி உள்ளே பாருங்க. கழட்டினதைக் கையில வாங்காம காசு கொடுக்காதீங்க, புதுசா போடுறதோட நம்பரைப் போட்டோ எடுத்துக்கோங்க. கேரண்டியை எழுதி வாங்குங்க. என் 8 லட்சம் இன்னும் வரலை, நாளைக்கும் அந்த வாசல்ல போய் நிக்கத்தான் போறேன்.