சுண்ணாம்புக் காரை வீட்டுக்கு நிலநடுக்க ஆய்வு

மயிலாப்பூரில் உள்ள எங்கள் மெட்ராஸ் டெரஸ் வீட்டில் (மர உத்திரங்களின் மேல் செங்கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் பரப்பிக் கூரை அமைக்கும் பழைய பாணி) கம்பியும் கிடையாது, கான்கிரீட் தூணும் கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமே அதைத் தாங்குகின்றன. 2002-இல் இந்தியத் தரநிலை திருத்தப்பட்டபோது சென்னை நிலநடுக்க மண்டலம் இரண்டிலிருந்து, மிதமான அபாயம் உள்ள மண்டலம் மூன்றுக்கு மாற்றப்பட்டதை அறிந்த பிறகே, ஒரு கட்டமைப்புப் பொறியாளர் நிறுவனத்தை அழைத்தோம். கொடுத்த கட்டணத்துக்குக் குறையாத வேலை என்றே சொல்வேன்.

வந்தவர்கள் விரிசல்களைப் படமெடுத்ததோடு நிற்கவில்லை. மூலைகளில் சுவர்கள் ஒன்றோடொன்று கோத்துக் கட்டப்பட்டுள்ளனவா, தேக்கு உத்திரங்கள் சுவருக்குள் எவ்வளவு நுழைந்துள்ளன, ஜன்னல்கள் மூலைக்கு எவ்வளவு அருகில் உள்ளன என்று அளந்தார்கள். காரையை ஆணியால் சுரண்டி அதன் உறுதியைச் சோதித்தார்கள். தடித்த சுவரானாலும் கூரையுடன் பிணைக்கப்படாவிட்டால் குலுக்கலில் வெளிப்புறமாகச் சாய்ந்துவிடக்கூடும் என்பதையும், தெருவைப் பார்த்த மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் முதலில் விழக்கூடியவற்றுள் ஒன்று என்பதையும் பொறுமையாக விளக்கினார்கள். (அதன்மேல்தான் இத்தனை ஆண்டுகளாகப் பூந்தொட்டிகளை அடுக்கி வைத்திருந்தோம்.)

அறிக்கைதான் சற்று ஏமாற்றம். கூரைக்கும் சுவருக்கும் எஃகுப் பிணைப்பு, லிண்டல் மட்டத்தில் (கதவு, ஜன்னல்களின் மேல்விளிம்பு உயரத்தில்) சுவர்களைச் சுற்றிக் கட்டும் பட்டை ஆகிய பரிந்துரைகள் சரியானவை. எதை முதலில் செய்வது என்ற வரிசை மட்டும் இல்லை. ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும் சிமெண்ட் பூச்சையும் சுண்ணாம்புச் சுவருக்கு எழுதியிருந்தார்கள். நாங்கள் கேள்வி எழுப்பிய பிறகே அது திருத்தப்பட்டது.