அப்பாவின் பர்னோ மாடல் 2: எங்கள் வீட்டில் அறுபது வருடமாக இருக்கும் ஒரு டூ டூ ரைபிள்

இந்த ரைபிள் எங்கள் வீட்டுக்கு வந்தது 1966-ல். எனக்கு அப்போது நான்கு வயது. பழனி மலையில் தாண்டிக்குடிக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம், ஊடே மிளகும் மலைவாழையும். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று அப்பா உரிமம் வாங்கி எடுத்த துப்பாக்கி இது. பர்னோ மாடல் 2, பாயின்ட் டூ டூ, அதாவது 0.22 அங்குலக் குழல். எங்கள் பக்கம் எல்லோரும் 'புரூனோ' என்றுதான் சொல்வார்கள், அது செக்கோஸ்லோவாக்கியாவில் இருந்த ஒரு ஊரின் பெயர் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பட்டாளத்துக்காரர்கள் சொல்லும் பிரென் கன் என்ற இயந்திரத் துப்பாக்கி இருக்கிறதே, அந்தப் பெயரில் பாதி இந்த ஊர்தான். பர்னோவின் முதல் இரண்டு ஆங்கில எழுத்தையும் இங்கிலாந்தில் உள்ள என்ஃபீல்டின் முதல் இரண்டு எழுத்தையும் சேர்த்து வைத்த பெயர் அது.

போன மாதம் பழைய நண்பர் ஒருவர், இறந்துபோன தன் அப்பாவின் டூ டூவை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடப் போவதாகச் சொன்னார். "வேட்டைக்கும் போக முடியாது, காட்டுப்பன்றியும் இதுக்குச் சாகாது, அப்புறம் எதுக்குங்க இது?" என்றார். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் துப்பாக்கி. எடை மூன்று கிலோவுக்குள். குழல் நீளமானது, இன்றைக்கு வரும் குட்டை ரைபிள்களைப் பார்த்துப் பழகியவர்களுக்குக் கையில் எடுத்ததும் முன்பக்கம் கொஞ்சம் இழுப்பது போலத் தெரியும், ஆனால் அந்த இழுப்புதான் நின்றுகொண்டு குறி பார்க்கும்போது முனையை ஆடவிடாமல் வைக்கிறது. தோட்டா அடைக்கும் மேகசினில் ஐந்து பிடிக்கும். பின் குறியில் 25 மீட்டரிலிருந்து 200 மீட்டர் வரை எண் போட்டு ஏற்றி இறக்கிக்கொள்ளலாம், அப்பா அதை 50-ல் வைத்தவர் கடைசி வரை தொடவே இல்லை. 200 என்று போட்டிருக்கிறது என்பதற்காக அவ்வளவு தூரம் சுடும் சாமான் இல்லை இது. 50 மீட்டருக்குக் குறி வைத்த டூ டூ, 100 மீட்டர் போவதற்குள் ஏறத்தாழ ஒரு சாண் இறங்கிவிடும். ஈய குண்டின் எடை இரண்டரை கிராம் சொச்சம்தான், வேகமும் சாதாரணத் தோட்டாவில் ஒலியின் வேகத்தை ஒட்டியே நிற்கும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும்: அறுபது வருடத்துக்குப் பிறகும் இரண்டு விரலால் தூக்கித் தள்ளினால் வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி போய் உட்கார்கிறது.

டூ டூவை ஒருமுறைகூடக் கையில் எடுக்காதவர்களுக்கு ஒரு விளக்கம். பெரிய தோட்டாக்களில் பின்பக்கம் நடுவில் பற்றும் மருந்து வைத்த ஒரு கேப் இருக்கும், ட்ரிக்கரை அழுத்தினால் போல்ட்டுக்குள் இருக்கும் ஊசி அதன் மேல் அடிக்கும். இதில் அது கிடையாது. பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு மடிப்புக்குள்ளேயே பற்றும் மருந்தை வைத்திருப்பார்கள், ஊசி அந்த விளிம்பை நசுக்கினால் போதும். லாங் ரைபிள் என்று சொல்லும் இந்தத் தோட்டா 1887-ல் அமெரிக்காவில் வந்தது, இன்று வரை அளவு மாறவில்லை. அப்பா சுட்டு முடித்ததும் காலிக் கூட்டைப் பொறுக்குவது என் வேலை. சுடச்சுட உள்ளங்கையில் வைத்து, விளிம்பில் ஊசி பதிந்த அந்தச் சின்னச் சதுரக் குழியை நகத்தால் தடவிப் பார்ப்பேன். அப்புறம் கீழ் உதட்டில் வைத்து ஊதினால் விசில் வரும். அந்த வாடையும் விசிலும் எனக்கு மார்கழி விடுமுறையோடு சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

வேட்டை என்றால் எங்கள் வீட்டில் முயல், காட்டுக்கோழி, காட்டுப்புறா, அவ்வளவுதான். விடியற்காலை மூடுபனி இன்னும் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருக்கும்போது கிளம்புவோம். அப்பா முன்னால், நான் பின்னால், எங்களுக்கும் முன்னால் மலையின் பழங்குடியான பளியர் தாத்தா ஒருவர். அவர் நடந்தால் சருகு சத்தம் போடாது. உண்ணிச்செடிப் புதரில் பழம் தின்ன வரும் காட்டுக்கோழியை அவர் கண்ணால் தேட மாட்டார், காதால் தேடுவார். சேவல் கூவினால் நாட்டுச் சேவல் மாதிரி இழுக்காது, உடைந்து உடைந்து வரும், கடைசியில் தணிந்த குரலில் குக் குக் என்று முடியும். அதன் கழுத்து இறகை வெயிலில் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு இறகிலும் மெழுகு சொட்டி உறைந்தது போல வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளி இருக்கும். அந்த இறகுக்காகவே ஒரு காலத்தில் இந்தப் பறவையைக் கொன்று குவித்திருக்கிறார்கள், இங்கிலாந்தில் தூண்டில்காரர்கள் பொய்ப்பூச்சி கட்டுவதற்கு. எங்கள் வீட்டில் இறகு யாருக்கும் வேண்டாம், கறிதான். வைக்கோலில் வாட்டி, மஞ்சள் தடவி, தோட்டத்து மிளகை அம்மியில் தட்டிப் போட்டு அம்மா வைக்கும் குழம்பு மதியம் வரை அடுப்பில் இருக்கும், ஏனென்றால் காட்டுக்கோழிக் கறி லேசில் வேகாது.

இவ்வளவு சொன்னாலும் அப்பா சுட்டதைவிடச் சுடாமல் விட்டதுதான் அதிகம். 1971 என்று நினைவு, நான் மூன்றாம் வகுப்பு. மேட்டு விளிம்பில் ஒரு முயல், காது இரண்டும் நிமிர்ந்து, பின்னால் வெளுத்த வானம். முப்பது முப்பத்தைந்து அடிதான் இருக்கும். அப்பா ரைபிளைத் தோளில் வைத்தார், நான் காதைப் பொத்தினேன், சத்தமே வரவில்லை. இறக்கிவிட்டார். முயல் இரண்டு தத்து தத்திப் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தாத்தாதான் என் தோளைப் பிடித்து, "தம்பி, அந்த மொயலுக்குப் பின்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல தாத்தா, வானம்" என்றேன். "அதான். அந்தப் பக்கம் இறங்குனா தோட்டத்து ஆளுங்க லயன் வீடு. பொம்பளைங்க தண்ணி எடுக்குற நேரம்" என்றார்.

அந்தச் சின்ன ஈய குண்டு, கொஞ்சம் மேல்நோக்கிச் சுட்டால், ஒரு மைல் வரைகூடப் போகும். பழைய தோட்டாப் பெட்டிகளிலேயே அதை எச்சரிக்கையாக அச்சடித்திருப்பார்கள். பாறையிலும் தண்ணீரிலும் பட்டால் தெறித்து எந்தப் பக்கம் போகும் என்றே சொல்ல முடியாது, எங்கள் மலையோ பாதிக்குப் பாதி பாறை. அதனால் கிளையில் உட்கார்ந்த பறவையை அப்பா டூ டூவால் சுட்டதே இல்லை. பின்னால் மண் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. இதைச் சின்னத் துப்பாக்கி, பசங்க துப்பாக்கி என்று நினைத்து எடுப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது எங்கள் மலைக்கு நடைமுறையில் எட்டிய பிறகு அப்பா ஒரு புறாவைக்கூடச் சுடவில்லை, யாராவது கேட்டால் "போதும்பா, சாப்பிட்டாச்சு" என்பார். பழனி மலையின் ஒரு பகுதி 2013-லிருந்து கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். இப்போது காலையில் காப்பிக் களத்தில் காட்டுக்கோழி குஞ்சுகளோடு வந்து மேய்கிறது, நான் பல் விளக்கிக்கொண்டே பார்க்கிறேன். சட்டம் சரியான சட்டம், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. பன்றிக்கும் காட்டுமாட்டுக்கும் டூ டூ எடுப்பதும் தப்பு, சட்டப்படியும் தப்பு, அந்தப் பிராணி காயத்தோடு பல நாள் அலைந்து சாகும் என்பதாலும் தப்பு.

அப்படியானால் எதற்கு வைத்திருக்கிறேன்? குறி அட்டையில் சுட்டுப் பழகுவதற்கு. மதுரையில் துப்பாக்கி சுடும் கிளப்பில் உறுப்பினராக இருக்கிறேன், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மலையிறங்கிப் போவேன். 50 மீட்டர் அட்டையில் பத்து மார்க் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், நல்ல மிளகு மணி இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது போல. கண்புரை அறுவைக்குப் பிறகு முன் குறிமுள் எனக்குக் கொஞ்சம் மங்கல்தான், இருந்தும் மணல்மூட்டை மேல் வைத்துச் சுட்டால் ஐந்து தோட்டாவும் ஒரு தீப்பெட்டிக்குள் விழுகின்றன. அப்பாவின் அளவுகோலும் தீப்பெட்டிதான், வருடா வருடம் தை மாதம் நாற்பது தப்படி அளந்து மண்மேட்டில் வைத்துப் பார்ப்பார். தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் மாட்டலாம், மேலே அதற்கான தடம் இருக்கிறது, ஆனால் தோளில் வைக்கும் மரக்கட்டையின் உயரம் திறந்த குறிக்கென்றே அமைந்தது, ஸ்கோப் போட்டால் கன்னம் கட்டையில் ஒட்டாது. இன்னொரு சிரமம் மேகசின். ஒன்றை நானே தரையில் போட்டு வாயை நெளித்துவிட்டேன், மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது. வைத்திருப்பவர்கள் பத்திரமாக வையுங்கள்.

இனி பராமரிப்பு, எனக்கு வயிறு எரிந்த விஷயமும் இங்கேதான் வருகிறது. தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும், தெரிந்ததே. ஒருமுறை ஸ்டேஷனில் கொடுத்து இரண்டரை மாதம் கழித்து வாங்கியபோது, துணி உறையில் ஈரம் ஏறி, குழலின் மேல் கட்டைவிரல் ரேகை மாதிரி துரு படிந்திருந்தது. அதை எடுக்கச் சமவெளியில் ஒரு கடையில் கொடுத்தேன். கடைக்காரர் துருவோடு சேர்த்து, துரு பிடிக்காமல் இரும்புக்கு ஏற்றியிருந்த பழைய நீலத்தையும் தேய்த்து, போதாததற்கு முனையிலிருந்து இரும்புக் கம்பியை விட்டுக் குடைந்திருக்கிறார். முனை விளிம்பு தேய்ந்தால் குறி போச்சு. போல்ட்டைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து மட்டுமே கம்பி போக வேண்டும், அதுவும் டூ டூவுக்கு அடிக்கடி தேவையே இல்லை, ஈய குண்டின் மெழுகே குழலைக் காப்பாற்றும். நல்லவேளை, சேதம் பெரிதாக இல்லை. இப்போதெல்லாம் தேர்தல் என்றால் உரிமம் உள்ள துப்பாக்கிக் கடையில் வைத்து ரசீது வாங்கிவிடுகிறேன், ஒப்படைக்கும் முன் எண்ணெய்த் துணியால் நன்றாகச் சுற்றிவிட்டு.

காலியாக வைத்து ட்ரிக்கரை அழுத்திப் பார்க்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். தோட்டா இல்லாவிட்டால் ஊசி, தோட்டா உட்காரும் சேம்பரின் விளிம்பில் போய் அடிக்க வாய்ப்பு உண்டு, அங்கே பள்ளம் விழுந்தால் பிறகு தோட்டா சரியாகப் பற்றாது. அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள், முனையை மண்ணை நோக்கி வைத்து அரை நிமிடம் காத்திருங்கள்.

நண்பருக்குச் சொன்னது இதுதான்: ஒப்படைக்க வேண்டாம், வாரிசு என்ற முறையில் உரிமத்துக்கு மனுப் போடுங்கள். அப்பா உயிரோடு இருப்பவர்களுக்கு இன்னும் எளிது, 2016 விதிகளின்படி உரிமதாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றித் தர மனுச் செய்யலாம். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2019-ல் மாறியிருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்து கையில் வந்ததும் நேராகத் தோட்டா வாங்க ஓடாமல், விவரம் தெரிந்த ஒருவரிடம் சேம்பரையும் ஊசியையும் காட்டுங்கள்.

அப்புறம் மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு தை மாதம் தோட்டா தோட்டாவாக வெடிக்காமல் போனது. தோட்டா நமத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், அப்பா ஒன்றை எடுத்துத் திருப்பி, விளிம்பில் வேறு இடத்தில் அடி விழும்படி போட்டார், வெடித்தது. போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே எண்ணெய் நெய் மாதிரி வெள்ளையாக உறைந்து கிடக்கிறது, ஊசி அதைத் தள்ளிக்கொண்டு போவதற்குள் வலுவிழந்துவிடுகிறது. மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் காய வைத்து, அம்மாவின் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டார். இன்றும் நான் அதைத்தான் விடுகிறேன், இரண்டு சொட்டு போதும்.