கேரவன் வாங்கலாமா? முதலில் பம்ப்பைப் பற்றிக் கேளுங்கள்

பெங்களூரில் யாரோ தன் கேரவனைக் குறைந்த விலைக்குத் தருகிறாராம். எடுக்கலாமா என்று அலுவலக நண்பர் கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

என்னுடையது டெம்போ ட்ராவலரை மாற்றிக் கட்டியது. படுக்கை, சோலார், லித்தியம் பேட்டரி, கேசட் டாய்லெட் (கழிவுத் தொட்டியைக் கழற்றிக் கொட்டுகிற வகை) எல்லாம் வழக்கம்போல. ஃபிரிட்ஜ் இன்றுவரை மானத்தை வாங்கவில்லை. ஏசி, கரண்ட் கனெக்‌ஷன் கிடைக்கும் இடத்தில் மட்டும்தான் நம்பலாம். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது அலமாரிப் பாத்திரமெல்லாம் கச்சேரி நடத்தும். அதுவும் பழகிவிட்டது.

பழகாதது தண்ணீர் பம்ப். தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் தள்ளும் 12 வோல்ட் பம்ப் அது. குழாயைத் திறந்தால் அழுத்தம் குறையும், பம்ப் ஓடும். மூடினால் அழுத்தம் ஏறித் தானாக நிற்கும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் நடுராத்திரி, யாரும் குழாய்ப் பக்கமே போகாதபோது, "டர்ர்ர்" என்று ஓடி நிற்கும். கண் சொக்கும் நேரத்தில் மறுபடியும் "டர்ர்ர்". எங்கள் தெருப் போக்குவரத்தில் இது காதிலேயே விழாது. 600 கி.மீ. தாண்டி, திருநெல்வேலிப் பக்கம் மூலைக்கரைப்பட்டி அத்தை வீட்டுக் களத்தில் வண்டியை நிறுத்திய பிறகுதான் கேட்கும். "ஏலே, ஒன் மோட்டாரு மறுபடி அழ ஆரம்பிச்சிட்டு" என்பார் அம்மா. சுவிட்சை அணைத்துவிட்டுப் படுக்கலாம். ஆனால் ராத்திரி அம்மா எழுந்தால் டாய்லெட்டில் தண்ணீர் வராது.

கட்டிக் கொடுத்தவர்களிடம் போனேன். "கேரவன்னா சத்தம் இருக்கத்தான் செய்யும் சார்" என்றார்கள். அப்புறம் காசு வாங்கிக்கொண்டு புது பம்ப் மாட்டினார்கள். புது பம்ப்பும் அதே ராகம்தான் பாடியது.

போன மாதம் வீட்டு ஆர்ஓ மெஷினைப் பார்க்க வந்த தம்பியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். வந்து பார்த்தார். பம்ப்பை அடுத்து இருந்த வால்வை மூடினார், சத்தம் நின்றது. "பம்ப் நல்லாத்தான் இருக்கு சார், இதுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ ஒழுகுது" என்றார். ஒழுகினால் அழுத்தம் குறையும், குழாயைத் திறந்ததாக நினைத்துப் பம்ப் ஓடும். அலமாரியின் பின்பலகையைக் கழற்றினால், ஹீட்டருக்குப் போகும் குழாய் மூட்டில் சொட்டுச் சொட்டாகக் கசிவு, பிளைவுட் ஈரத்தில் உப்பிக் கிடக்கிறது. வீட்டுக் குளியலறைக்குப் போடுகிற சிபிவிசி குழாயைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். சுவர் அசையாது, வண்டி நாளெல்லாம் ஆடும். வளையாத குழாய் ஆட்டம் தாங்காமல் மூட்டில் விட்டுக்கொடுத்துவிட்டது. வளையும் குழாய் போட்டிருந்தால் இந்த வினையே இல்லை. லட்சக்கணக்கில் காசு வாங்கிக் கட்டிக் கொடுத்தவர்களுக்கு இது தெரியாதா?

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். பின்பக்கப் படுக்கையை ஒட்டிய அகல ஜன்னல். இதை யோசித்தவருக்குக் கோயில் கட்டலாம்.

அத்தை ஊரிலிருந்து கூந்தன்குளம் பக்கம். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக 2022இல் அறிவிப்பும் வந்தது. மழை நன்றாகப் பெய்து குளம் நிறைந்திருந்தால், பொங்கலுக்குப் போகும்போது இமயமலையைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகளைப் பார்க்கலாம். மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள் வீட்டோர மரங்களிலேயே கூடு கட்டும். பறவைகள் மிரளக்கூடாதென்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை.

நடந்து கிட்டே போனால் பறவைகள் எழும்பிவிடும். நிற்கிற வண்டியை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. முட்டிவலியால் காவல்கோபுரத்தில் ஏற முடியாத அம்மா, படுக்கையில் சாய்ந்தபடி கரண்டிவாயன் சேற்றைத் துழாவுவதை மணிக்கணக்கில் பார்க்கிறார். காரில் போயிருந்தால் அரை மணியில் "இடுப்பு வலிக்கி, கெளம்புவோம்" என்றிருப்பார். (ராத்திரி அங்கே தங்குவதில்லை. கூடு கட்டும் இடத்தில் நமக்கென்ன வேலை? அத்தை களத்துக்கே திரும்பிவிடுவோம்.) சொந்தக்காரர்கள் வீட்டில் யாரையும் கட்டிலைவிட்டுக் கிளப்பாமல் நம் படுக்கையில் நாம் படுப்பதும் பெரிய நிம்மதி. அத்தைக்குத்தான் அதில் இன்னும் வருத்தம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, வாங்குங்கள் என்று சொல்ல மனசு வரவில்லை. குழாய் மூட்டை மாற்றிவிட்டேன், சத்தம் இல்லை, ஆனால் உப்பிய பலகையைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. வருஷத்தில் நாலு நாள் ஊருக்குப் போக வாடகைக்கே எடுக்கலாம். இல்லை, வாங்கித்தான் தீருவேன் என்றால், விலை பேசும் முன் பம்ப்பைப் போட்டு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அரை மணி நேரம் உள்ளே சும்மா உட்காருங்கள். முதலில் ஓடி நின்ற பிறகு ஒருமுறை "டர்ர்ர்" கேட்டாலும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். என் வண்டியைத் தருவேனா என்றும் நண்பர் கேட்டிருந்தார். தரமாட்டேன்.