பொம்மை உடையவில்லை, பல் உடைந்தது

"உடையவே உடையாது" என்று அட்டையில் போட்டிருந்தது. பொய்யில்லை. அந்த நைலான் எலும்புப் பொம்மை இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. பிளந்தது எங்கள் நாய் கருப்பனின் மேல் தாடைக் கடைவாய்ப் பல். மயக்க ஊசி போட்டுப் பிடுங்க வேண்டியதாயிற்று. 42 பல்லில் ஒன்று போச்சு.

"கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்க. கொஞ்சமாவது பதியணும். பதியலைன்னா வாங்காதீங்க" என்றார் மருத்துவர். மான் கொம்பும் வேகவைத்த எலும்பும்கூட இந்தச் சோதனையில் தேறாது. கயிற்றுப் பொம்மையை நானே தூக்கிப் போட்டுவிட்டேன். பிரிந்த நூலை விழுங்கினால் குடலைச் சுருட்டி இழுத்துவிடுமாம்.

அப்புறம் வாங்கியதுதான் காங். உள்ளே குடைவான ரப்பர் பொம்மை, மூன்று உருண்டையை அடுக்கியது போல இருக்கும். முதலில் சிவப்பு வாங்கினேன். மூன்றே வாரத்தில் விளிம்பைக் கடித்துத் துண்டு எடுத்துவிட்டான். பலமாகக் கடிக்கும் நாய்களுக்குக் கருப்பு நிறம் என்பது பிறகுதான் தெரிந்தது. (பெயர்ப் பொருத்தம் முதலிலேயே பார்த்திருக்கலாம்.) பால்பல் விழும் குட்டிகளுக்கு இதிலேயே மென்மையான ரகம் தனியாக உண்டு.

கருப்பு வந்து எட்டு மாதம் ஆகிறது. பல் தடம் இருக்கிறது, பிய்யவில்லை. இரண்டு பக்கமும் ஓட்டை இருப்பது எனக்குப் பிடித்த விஷயம். ஒரே ஓட்டை என்றால் நக்கும்போது உள்ளே வெற்றிடமாகி நாக்கு உள்ளே சிக்கிக்கொள்ளலாம். அளவை எடை பார்த்துத்தான் எடுத்தேன். இரண்டு அளவுக்கு நடுவில் நின்றான், பெரியதையே எடுத்தேன். முழுதாக வாய்க்குள் போகிற பொம்மை தொண்டையிலும் போய் அடைக்கும்.

வெறுமனே போட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அவனுடைய உலர் உணவையே ஊறவைத்து அடைத்து, ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் முக்கால் மணி நேரம் வீட்டில் சத்தமே இருக்காது. வேர்க்கடலை வெண்ணெய் தடவுகிறவர்கள் அதில் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு) இல்லை என்று பார்த்துவிட்டுத் தடவுங்கள், நாய்க்கு அது விஷம்.

குறை என்றால் கழுவுவதுதான். கழுத்து குறுகல், விரல் போகாது. பாட்டில் கழுவும் பிரஷ் ஒன்று தனியாக வாங்கினேன். ஒரு நாள் கழுவ மறந்தாலும் நாற்றம் தாங்காது. கீழே விழுந்தால் பொம்மை கோணல்மாணலாகத் துள்ளுவதால் கண்ணாடிச் சாமான் பக்கம் விடாதீர்கள். எங்கள் வீட்டில் இப்போது ஒரு பூச்சாடி குறைவு.