லோட்டஸ் எலான்: வீட்டிலேயே பழுதுபார்த்து ஓட்டிய அனுபவம்

1960-களில் வந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான லோட்டஸ் எலானை வீட்டிலேயே பழுதுபார்த்துப் பராமரிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, தாராளமாக முடியும் என்பதே என் பதில். அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களில் கை நுழைய இடம் இருக்கும், கணினி கிடையாது, சாதாரண ஸ்பேனர் செட்டே பெரும்பாலான வேலைக்குப் போதும். ஆனால் இந்தக் காரில் கோளாறு ஓரிடத்தில் தெரியும், காரணம் வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கும். இதை மனதில் வைக்காமல் வேலையில் இறங்கினால், நன்றாக இருக்கும் பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றிக்கொண்டே இருப்போம்.

காரணம் அதன் வடிவமைப்பிலேயே இருக்கிறது. 1962-இல் வெளிவந்த எலானை வடிவமைத்தவர் ரான் ஹிக்மன். எடையைக் குறைப்பதையே கொள்கையாகக் கொண்ட காலின் சாப்மனின் நிறுவனம்தான் லோட்டஸ். நடுவில் முதுகெலும்பு போன்ற எஃகுத் தகட்டுச் சட்டம், அதன்மேல் கண்ணாடியிழை உடல், ஃபோர்டு இன்ஜின் பிளாக்கின் மேல் ஹாரி மண்டி வடிவமைத்த இரட்டை கேம்ஷாஃப்ட் ஹெட், 1558 சிசி. மொத்த எடை 700 கிலோவுக்கும் குறைவு. இவ்வளவு எடை எப்படிக் குறைந்தது என்று பார்த்தால், பல பாகங்கள் இரண்டு வேலை பார்ப்பது தெரியவரும். முன்பக்கக் குறுக்குச் சட்டம் சஸ்பென்ஷனைத் தாங்குகிறது. அதுவே உள்ளே கூடாக இருந்து, இன்ஜினின் உறிஞ்சலால் மேலெழும் முகப்பு விளக்குகளுக்கான வெற்றிடத்தைச் சேமிக்கும் தொட்டியாகவும் இருக்கிறது. டைமிங் செயினை மூடும் உறைக்குள்ளேயே தண்ணீர் பம்பும் இருக்கிறது. இரண்டு வேலை பார்க்கும் பாகம் ஒன்றில் தவறினால், அதன் விளைவு மற்றதிலும் தெரியும்.

என்னிடம் இருப்பது 1967-ஆம் ஆண்டு மூன்றாம் தொடர் வண்டி, துணிக் கூரை கொண்டது. வெகுநாள் என்னை அலைக்கழித்த கோளாறு ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, இருந்தது. சூடேறிய பிறகு இன்ஜின் நிலையாக நிற்காமல் ஏறி இறங்கும். ஆக்ஸிலரேட்டரை விட்டால் கார்பரேட்டர் வாயில் தும்மல் மாதிரி ஒரு சத்தம். இரட்டை வெபர் கார்பரேட்டர் உள்ள வண்டியில் இப்படி வந்தால் எல்லோருமே முதலில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைத்தான் சந்தேகிப்பார்கள். ஸ்பார்க் பிளக்குகள் வேறு கதை சொல்லின. மூன்று பிளக்குகளின் முனை இளம் பழுப்பு நிறத்தில் இருக்க, ஒன்று மட்டும் சாம்பல் பூத்த வெண்மையில் இருந்தது. அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் பெட்ரோலின் அளவுக்கு மீறிக் காற்று போகிறது என்று அர்த்தம். இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காற்றுக்குழாய் என்பதால், ஓரிடத்துக் கசிவு ஒரு சிலிண்டரை மட்டுமே பாதிக்கும். தேட வேண்டிய இடம் அங்கேயே கால்வாசியாகச் சுருங்கிவிட்டது.

அந்தச் சிலிண்டரின் உறிஞ்சுகுழாயில் என்ன தனிச்சிறப்பு? முகப்பு விளக்குகளுக்கான வெற்றிடம் அங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது. ரப்பர் குழாயைக் கழற்றி, குழாய்வாயை இறுக அடைத்துவிட்டு இன்ஜினை ஓட்டினேன். ஐடிலிங் அப்படியே அமைதியாகிவிட்டது. கார்பரேட்டரில் ஒரு திருகைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை. முகப்பு விளக்குகள் கொஞ்ச நாளாகவே சோம்பலாக எழுந்துகொண்டிருந்ததும் இப்போது பொருள்பட்டது.

அடுத்து, கசிவு எங்கே என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இதற்கு அளவுமானி பொருத்திய கைப்பம்பு ஒன்று போதும். எலான் வைத்திருப்பவர்கள் முதலில் வாங்க வேண்டிய கருவி இதுதான் என்பேன். விளக்குகளை இயக்கும் கலன்களைத் தனியாக உறிஞ்சிப் பார்த்தேன், முள் நின்றது. டாஷ்போர்டில் உள்ள சுவிட்சும் சரி, குழாய்களும் சரி. கடைசியில் குறுக்குச் சட்டத்தை மட்டும் தனிமைப்படுத்தி உறிஞ்சியபோது முள் கண்ணெதிரே இறங்கியது. பிறகு எதிர்த்திசையில் மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, சட்டத்தின் அடியில் சோப்புத் தண்ணீரைத் தடவினேன். பார்வைக்கு வழவழவென்று இருந்த பெயின்டின் மேல் கடுகளவு குமிழ்கள் வரிசையாக எழுந்தன. கம்பியால் சுரண்டியதும் பெயின்ட் ஏடாகப் பெயர்ந்து, அதன் பின்னால் துருத்தூள் கொட்டியது. தகடு உள்ளிருந்து அரித்திருந்தது.

இங்கேதான் ஒருவர் நிதானிக்க வேண்டும். தனியாகச் சிறிய வெற்றிடத் தொட்டி ஒன்றைப் பொருத்திக் குழாயைத் திருப்பிவிட்டால் விளக்கும் சரியாகிவிடும், ஐடிலிங்கும் சரியாகிவிடும். பலர் அப்படிச் செய்து ஓட்டுகிறார்கள். சட்டம் நல்ல நிலையில் இருந்து, தையல் இணைப்பில் மட்டும் காற்று கசிந்தால் அது நியாயமான தீர்வுதான். ஆனால் முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் விஷ்போன்களும் அதே இடத்தில்தான் சட்டத்தோடு சேர்கின்றன. அங்கே தகடு மெலிந்திருக்கும்போது விளக்குக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது ஆபத்தை மூடி வைப்பதாகும். கண்ணாடியிழை உடலும் பெட்ரோல் குழாய்களும் அருகில் இருக்க, உடலைக் கழற்றாமல் வெல்டிங் செய்வதையும் நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். துத்தநாகம் பூசிய புதிய சட்டங்கள் இந்தக் காருக்கு இன்றும் கிடைக்கின்றன. நான் அதையே தேர்ந்தெடுத்தேன். உடல் இவ்வளவு இலகு என்பதால், போல்ட்டுகளையும் இணைப்புகளையும் விடுவித்தபின் நண்பர்கள் சிலர் சேர்ந்தே கைகளால் தூக்கி ஓரமாக வைத்துவிட முடிகிறது. எஃகு உடல் கொண்ட பெரும்பாலான கார்களில் இதை வீட்டில் நினைத்துப் பார்க்கவே முடியாது.

சட்டம் மாறிய பிறகும் ஐடிலிங்கில் மெல்லிய நடுக்கம் மிச்சமிருந்தது. வெபர் கார்பரேட்டர்கள் இந்த இன்ஜினோடு விறைப்பாக முடுக்கப்படுவதில்லை. நடுவில் ரப்பர் ஓ-வளையம், வெளியே சுருள் வாஷர், அந்தச் சுருளின் சுற்றுகளுக்கு இடையில் சிறிது இடைவெளி என்று, கார்பரேட்டர் லேசாக அசையும்படி விடப்பட்டிருக்கும். இன்ஜினின் அதிர்வு மிதவைக் கிண்ணத்தை எட்டிப் பெட்ரோலை நுரைக்க வைக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. நட்டு தளர்ந்தால் காற்று புகும். சுருள் முழுதும் படியும்வரை முடுக்கினால் பெட்ரோல் நுரைக்கும், அப்போது இன்ஜின் உயர்வேகத்தில் திணறும். கையால் கார்பரேட்டரைப் பிடித்து ஆட்டினால் சிறிது நெகிழ்ந்துகொடுக்க வேண்டும். ஓ-வளையங்களைப் புதிதாக மாற்றி, நான்கு மூலையிலும் சுருளின் இடைவெளி சமமாக இருக்கும்படி வைத்ததும் நடுக்கம் போய்விட்டது. காற்றோட்ட அளவியை வைத்து இரண்டு கார்பரேட்டர்களையும் சமன்படுத்துவது அதற்குப் பிறகுதான். கசிவு இருக்கும்போது சமன்படுத்துவதில் பயனே இல்லை.

மின்சாரக் கோளாறுகளுக்கும் இதே அணுகுமுறைதான். கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது. எனவே ஒவ்வொரு விளக்கிலிருந்தும் கறுப்பு வயர் ஒன்று தனியாகத் திரும்பி வந்து எர்த் ஆக வேண்டும். அந்த முனைகள் பச்சை பூத்துவிட்டால் மின்னோட்டம் அடுத்த விளக்கின் வழியாகத் திரும்ப வழி தேடும். பிரேக்கை அழுத்தினால் இண்டிகேட்டர் மினுக்குவது, முகப்பு விளக்கைப் போட்டால் மீட்டர் முள் நகர்வது எல்லாம் இதனால்தான். மல்டிமீட்டரில் மின்தடையைப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. ஒற்றை இழை மட்டும் மிஞ்சியிருக்கும் வயர்கூட அந்தச் சோதனையில் தேறிவிடும். விளக்கை எரியவிட்டு, அதன் எர்த் முனைக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே எத்தனை வோல்ட் வீணாகிறது என்று அளக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினாலே அந்த வழியைச் சுத்தம் செய்தாக வேண்டும். இன்னொன்று, என் வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். பிளாட்டினம் பாயின்ட்டுக்குப் பதில் மின்னணு இக்னிஷன் வாங்குபவர்கள் பாசிட்டிவ் எர்த் வண்டிக்கென்றே செய்யப்பட்டதைக் கேட்டு வாங்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் கார்பரேட்டர்களுக்கு அடியில், கை எட்டாத இடத்தில் பதுங்கியிருப்பதால், அந்த மாற்றத்தை மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன்.

பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோவது ரோட்டோஃப்ளெக்ஸ் எனப்படும் வட்ட ரப்பர் இணைப்புகள். கிளட்சை விடும்போது வண்டி முன்னும் பின்னும் குலுங்குவது இவற்றின் இயல்பு, அதைக் கோளாறாக எண்ண வேண்டாம். விளிம்பில் வெடிப்பு தெரிந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். புதியவை எஃகுப் பட்டையால் இறுக்கப்பட்டே வரும். எல்லா போல்ட்டும் ஏறிய பின்பே பட்டையை வெட்ட வேண்டும். முன்கூட்டி வெட்டினால் ரப்பர் விரிந்து துளைகள் எதுவும் நேர்படாது.

தண்ணீர் பம்பு பற்றி வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு சிறிய பேரிங்கை மாற்ற, சிலிண்டர் ஹெட்டையும் எண்ணெய்த் தொட்டியையும் கழற்றி டைமிங் உறையை வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பேரிங்கின் ஆயுளைக் குறைப்பது பெரும்பாலும் அளவுக்கு மீறி இறுக்கப்பட்ட ஃபேன் பெல்ட். டைனமோ சார்ஜ் ஏற்றுவதற்குத் தேவையான அளவு இறுக்கினால் போதும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு பம்பின் கப்பியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் உணரப்பட்டால் வேலை நெருங்குகிறது. பம்பைத் தனியாகக் கழற்றும்படி மாற்றியமைக்கப்பட்ட உறைகள் இப்போது கிடைக்கின்றன. எப்படியும் பிரிக்கும் நிலை வந்தால் அதையே பொருத்துங்கள். அசல்தன்மை கெடுகிறதே என்ற வாதத்தை இந்த ஒரு விஷயத்தில் நான் ஏற்பதில்லை.

முன்சக்கரங்களின் அடிமூட்டு, டிரையம்ஃப் கார்களிலிருந்து வந்த பித்தளை டிரனியன். அதற்கு கிரீஸ் அல்ல, கியர் ஆயில் ஊற்ற வேண்டும். கிரீஸ் உள்ளேயே இறுகி, புரியில் எண்ணெய் ஏறவிடாமல் தடுத்துவிடும். சிறிய வேலை, தவறவிட்டால் சக்கரமே கழன்றுகொள்ளும்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பெட்ரோல் குழாய்கள். பழைய ரப்பர், எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் விரைவில் வெடித்துப்போகிறது. கண்ணாடியிழை தீப்பிடித்தால் அணைப்பது மிகக் கடினம், எலான்கள் இப்படி எரிந்துபோயிருக்கின்றன. எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரக் குழாய்களைப் போட்டு, தயாரிப்பு ஆண்டைப் பார்த்து மாற்றிக்கொண்டே இருக்கிறேன். தீயணைப்பான் இருக்கைக்குக் கை எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஓட்டும்போதும் இன்ஜின் வேலையின்போதும் அது இல்லாமல் சாவியைத் திருப்புவதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு இந்தக் காரை வைத்துக்கொள்ளலாமா? ஸ்டீயரிங்கில் விரல்நுனி அளவு அசைவுக்கே மூக்கு திரும்பும் அந்த உணர்வை, நான் ஓட்டிய வேறெந்தக் காரிலும் கண்டதில்லை. அதற்காகவே வைத்திருக்கிறேன், விற்கும் எண்ணம் இல்லை. இதே மாதிரி வண்டியை வாங்க நினைப்பவர்கள் பெயின்டின் பளபளப்பில் நேரம் செலவழிக்க வேண்டாம். இன்ஜினை அணைத்தபின் முகப்பு விளக்குகளை எழுப்பச் சொல்லுங்கள். சேமிப்பில் உள்ள வெற்றிடத்திலேயே அவை சட்டென்று எழுந்து, எழுந்தபடியே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் டார்ச்சோடு அடியில் படுத்து, முன் குறுக்குச் சட்டத்தில் துரு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பிறகு விலை பேசுங்கள்.