அப்பாவின் குரலைப் பதிய ஐபேட்: கராஜ்பேண்டா, லாஜிக்கா, கியூபேசிஸா?

அப்பா முப்பத்தெட்டு வருடம் கோயிலில் ஓதுவாராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் விடிகாலையில் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு பதிகமாவது பாடிவிட்டுத்தான் காபி குடிப்பார். போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி இரண்டு மாதம் குரல் எழும்பவே இல்லை. அந்த இரண்டு மாதமும் கும்பகோணம் வீட்டில் காலை நேரம் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. குரல் திரும்பியதும் முதல் வேலையாக ஃபோனில் ஒரு பதிகத்தைப் பதிந்து அவரிடம் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இது எத்தனை நாளைக்குடா இருக்கும்?" என்றார்.

சத்தம் நன்றாக இருக்கிறதா என்று அவர் கேட்கவே இல்லை. அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் செயலி, மைக், மைக்கை ஐபேடோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன். என்னைப் போல வீட்டுப் பெரியவர்களின் பாட்டைப் பதிய நினைப்பவர்களுக்கு இந்த ஒப்பீடு உதவலாம்.

மடிக்கணினி இருக்க டேப்லெட் எதற்கு என்றால், அதில் மின்விசிறி இல்லை. பாடுபவர் பக்கத்தில் தரையிலேயே வைத்தாலும் இரைச்சல் இருக்காது. அப்பாவுக்கும் எதிரே ஒரு இயந்திரம் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றாது. ஐபேடா ஆண்ட்ராய்டா என்பதை நான் நீட்டப் போவதில்லை. ஆண்ட்ராய்டு 8 முதல் ஒலி தாமதம் குறைய வழி செய்திருக்கிறார்கள், ஆனால் பலன் கருவிக்குக் கருவி மாறுகிறது. அத்தை மகனின் ஆண்ட்ராய்டு டேப்லெட்டை இரண்டு நாள் வாங்கிப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு நாள் பழக்கத்தை வைத்து அதற்கு மேல் சொல்வது நியாயமும் இல்லை. வீட்டில் ஏற்கெனவே பத்தாம் தலைமுறை ஐபேட் இருந்தது, அதிலேயே தொடங்கினேன்.

முதலில் ஆப்பிளின் ஒலிப்பதிவுச் செயலியான கராஜ்பேண்ட். இலவசம், ஐபேடுக்கு 2011-லேயே வந்துவிட்டது, திறந்த ஐந்தாவது நிமிடத்தில் பதிய ஆரம்பித்துவிடலாம். குரல், வாத்தியம் என்று தனித்தனியே பதியும் தடங்கள், அதாவது டிராக்குகள், 32 வரை தாங்கும். குரலும் கீபோர்டும் வைத்து மெல்லிசை பண்ணுகிறவர் வேறெதையும் தேட வேண்டாம் என்றே சொல்வேன். நம் இசைக்கு வரும்போது இரண்டு இடத்தில் இடிக்கிறது. புதிதாகத் திறந்தால் பாட்டின் நீளம் எட்டு பார் என்றுதான் இருக்கும் (ஒரு பார் என்பது நான்கு தட்டு). அதன் இயல்பு வேகமான நிமிடத்துக்கு 110 தட்டில் அது சுமார் 17 நொடி. ஓதுவார் ஒருவர் முதல் அடியை இழுத்து முடிப்பதற்குள் எட்டு பார் தீர்ந்து, பதிவு மறுபடி முதலுக்கே போய்விடும். மேலே வலது பக்கம் உள்ள கூட்டல் குறியைத் தொட்டு, அந்தப் பகுதியின் நீளத்தைத் தானியங்கி என்று மாற்றினால் தீர்ந்தது. ஒவ்வொரு புதுப் பாட்டுக்கும் இதை மறக்காமல் செய்ய வேண்டும்.

இன்னொன்று தாளம். 4/4, 3/4, 6/8 இந்த மூன்றுதான் அதில் உண்டு. ஆதி தாளத்தையும் ரூபகத்தையும் எப்படியாவது அடக்கிவிடலாம், ஐந்து எண்ணிக்கை உள்ள கண்டசாபுக்கும் ஏழு எண்ணிக்கை உள்ள மிச்ரசாபுக்கும் இடமில்லை. தேவாரத்தில் தாளத்தோடு பாடுவதைப் பண்ணாங்கம் என்பார்கள், தாளமில்லாமல் பாடுவது சுத்தாங்கம். சுத்தாங்கத்துக்கு, செயலி தட்டிக்கொடுக்கும் தாளச் சத்தமான மெட்ரோனோமை அணைத்துவிட்டால் போதும். பண்ணாங்கத்துக்கும் அப்பா கையால் தாளம் போட்டுக்கொள்வதால் எனக்கு இது பெரிய தடையாக இல்லை. பின்னால் வேறு வாத்தியம் சேர்க்க நினைப்பவருக்குத் தடையாகும்.

அடுத்தது ஐபேடுக்கான லாஜிக் புரோ, இதுவும் ஆப்பிளுடையதுதான். 2023 மே மாதம் வந்தது, ஏ12 சிப் அல்லது அதற்குப் பிறகு வந்த சிப் வேண்டும். மூன்றில் இதுதான் வசதி மிகுந்தது, ஒலித்திருத்தம் செய்யும் கருவிகளும் இதில்தான் உயர்வு. இலவசமாகக் கிடைத்த ஒரு மாதம் மட்டும் பயன்படுத்தினேன், அதனால் ஆழம் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். விட்டதற்குக் காரணம் சந்தா. மாதாமாதமோ வருடா வருடமோ பணம் கட்டினால்தான் செயலி வேலை செய்யும். இசையைத் தொழிலாகக் கொண்டவருக்கு அது நியாயமான செலவு. நான் மார்கழியில் இருபது நாள் பதிவேன், பிறகு தை மாசி முழுக்கத் தொடாமல் இருப்பேன். தொடாத மாதத்துக்கும் பணம் கட்ட மனம் வரவில்லை.

மூன்றாவது ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் கியூபேசிஸ் 3. நான் வைத்திருப்பது இதுதான். ஒரு முறை பணம் கட்டினால் முடிந்தது, தள்ளுபடி நாட்களில் பாதி விலைக்கும் வந்திருக்கிறது. எட்டு பார் தொல்லை இல்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நாம் நிறுத்தும் வரை ஓடும். திரை கொஞ்சம் நெருக்கமாக, கணினி மென்பொருளைச் சுருக்கி வைத்ததுபோல இருக்கும். முதல் வாரம் எங்கே என்ன இருக்கிறது என்று தேடித் தேடிக் கண் வலித்தது. கராஜ்பேண்டின் எளிமை இதில் கிடையாது.

இவ்வளவையும் ஒரு தட்டில் வைத்தால், அடுத்த தட்டில் அப்பாவின் கேள்வி இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்பு, ஏதோ ஒரு இலவசச் செயலியில் மூன்று பதிகங்கள் பதிந்திருந்தேன். பெயர் வேண்டாம். ஒரு நாள் அப்டேட் ஆனது. அதன் பிறகு முழுத் தரத்தில் வெளியே எடுக்கச் சந்தா கேட்டது, இலவசமாக, ஒலியைச் சுருக்கிவிடும் எம்பி3 மட்டும்தான் தரும் என்றது. என் அப்பாவின் குரல் என் கையில் இருக்கும் கருவிக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் எடுக்க முடியவில்லை. இரண்டு பதிகங்களை அப்பா மறுபடி பாடிக் கொடுத்தார். மூன்றாவதை அன்றைக்குப் பாடியதுபோல் அவராலும் பாட முடியவில்லை. அது எம்பி3-யாக மட்டும்தான் இருக்கிறது.

அன்றிலிருந்து எந்தச் செயலியைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி, பாட்டு வெளியே வருமா என்பதுதான். செயலிக்குள் சேமித்து வைக்கும் பிராஜெக்ட் கோப்பை அந்தச் செயலியோ அதன் குடும்பமோதான் திறக்கும். ஐபேடில் ஒரு செயலியை நீக்கினால் அதற்குள் சேமித்திருந்த கோப்புகளும் கூடவே போய்விடும். இடம் போதவில்லை என்று வீட்டில் யாராவது எதையாவது நீக்கினாலே போதும், பாட்டு போச்சு. வேவ் கோப்பு அப்படியில்லை. 1991-இல் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் சேர்ந்து கொண்டுவந்தது, இன்றைக்கும் எந்தக் கணினியிலும் ஃபோனிலும் திறக்கிறது. எதையும் சுருக்காமல் ஒலியை அப்படியே வைத்திருக்கும்.

வேவ் கோப்பாக எடுக்கும் வசதி நான் சொன்ன மூன்றிலும் உண்டு. வித்தியாசம் எடுக்கும் விதத்தில். கராஜ்பேண்டில் எல்லா டிராக்கும் கலந்த ஒரே கோப்பாக வரும். குரல் மட்டும் தனியாக வேண்டுமென்றால் மற்றவற்றை ஊமையாக்கிவிட்டு ஒரு முறை எடுக்க வேண்டும், சுருதிக்கு இன்னொரு முறை. பிராஜெக்டாகவே கொண்டுபோகலாம் என்றால் மேக் கணினி வேண்டும். எங்கள் குடும்பத்தில் யாரிடமும் மேக் இல்லை. லாஜிக் டிராக்குகளைத் தனித்தனியாக மிக அழகாகப் பிரித்துக் கொடுக்கும், ஆனால் சந்தா ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து வருடம் கழித்து ஒரு பழைய பிராஜெக்டைத் திறக்கத் தோன்றினால் மறுபடி சந்தா கட்டித்தான் உள்ளே போக வேண்டும். கியூபேசிஸ் பிராஜெக்டைக் கணினியில் உள்ள கியூபேஸ் மென்பொருளுக்குள் கொண்டுவரும் வழி இருக்கிறது. அது விண்டோஸிலும் ஓடும், திருச்சியில் இருக்கும் தங்கையிடம் இருப்பதும் விண்டோஸ்தான். கடைசியில் தராசைச் சாய்த்தது இதுதான். மேக் வைத்திருக்கும் வீடென்றால் நானே கராஜ்பேண்டைச் சொல்லியிருப்பேன்.

இப்போது எங்கள் வழக்கம் இது. பதிந்த அன்றைக்கே, தூங்கப் போகும் முன், எதிரொலி முதலான எந்த அலங்காரமும் சேர்க்காத வெறும் குரலை 24 பிட் வேவ் கோப்பாக எடுத்துவிடுவேன். கோப்பின் பெயரில் தலம், பண், தேதி மூன்றும் இருக்கும். 2019-இல் வந்த ஐபேடு ஓஎஸ் 13 முதல் வெளி டிரைவை ஃபைல்ஸ் செயலியிலேயே திறக்கலாம். ஒரு பிரதி அந்த டிரைவில், இன்னொன்று தங்கை வீட்டில், மூன்றாவது கிளவுடில். இடமும் அதிகம் பிடிக்காது. ஒற்றை மைக்கில், 44.1 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்டில், ஒரு நிமிடம் சுமார் 8 எம்பி. இருபது நிமிடப் பதிகம் 160 எம்பி. இதுவரை பதிந்த நாற்பது பதிகமும் சேர்த்து ஆறரை ஜிபிக்குள்தான்.

மைக், இன்டர்ஃபேஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மைக்கில் பெரும்பாலோர் முதலில் வாங்குவது ஏடி2020 போன்ற கண்டென்சர், நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் வகை. மென்மையான குரலுக்கும் வீணைக்கும் அது நல்லது. நான் எடுத்தது ஷூர் எஸ்எம்58, 1966-இல் வந்த டைனமிக் மைக். கண்டென்சர் பக்கத்துத் தெருச் சத்தத்தையெல்லாம் இழுக்கும், டைனமிக் இழுக்காது என்று சொல்வது முழு உண்மையில்லை. எந்த மைக்காக இருந்தாலும் வாய்க்கும் அதற்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும், அறையின் இரைச்சல் கூடாது. எஸ்எம்58-ஐ ஒரு சாண் தூரத்துக்குள் வைத்துப் பாடலாம், உள்ளேயே காற்றுத் தடுப்பும் இருக்கிறது. அதனால் குக்கர் விசிலும் தண்ணீர் மோட்டாரும் தானாகவே பின்னுக்குப் போகின்றன. கண்டென்சரைவிட சுமார் 17 டெசிபல் அதிகமாகக் கெயின், அதாவது ஒலியைப் பெருக்கும் அளவு, கேட்கும், ஓதுவார் குரலுக்கு அது பிரச்சினையே இல்லை. முக்கியமாக, கண்டென்சருக்கு ஈரம் ஆகாது. காவிரிக் கரையில் ஐப்பசி கார்த்திகையில் அலமாரித் துணியே நமுத்துப்போகிறது. எஸ்எம்58-ஐத் துடைத்துப் பையில் போட்டுவிட்டால் போதும். இதில் போலி ஏராளம், அங்கீகரிக்கப்பட்ட கடையில் மட்டும் வாங்குங்கள்.

யுஎஸ்பி மைக் வாங்கினால் இன்டர்ஃபேஸ் தேவையில்லை, பணம் மிச்சம். ஆனால் பெரும்பாலும் ஒரே மைக்கோடு நின்றுவிட வேண்டியிருக்கும். அப்பாவின் கைத்தாளத்துக்கு இரண்டாவது மைக் தேவைப்பட்டதால் ஆடியன்ட் எவோ 4 எடுத்தேன். இரண்டு மைக் நுழைவாய், ஐபேடிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், பத்தாம் தலைமுறை ஐபேடில் இல்லாத ஹெட்ஃபோன் துளையும் இதில் கிடைத்துவிடும். ஸ்மார்ட்கெயின் பொத்தானை அழுத்திவிட்டுப் பாடச் சொன்னால் அளவைத் தானே வைத்துக்கொள்ளும். அப்போது மந்தரத்தில் தொடங்கும் அடியைப் பாடச் சொல்லாதீர்கள், உச்சத்தில் போகும் அடியைப் பாடச் சொல்லுங்கள். இல்லையென்றால் பின்னால் மேல் சட்ஜமத்தில் ஒலி கிழியும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 நான்காம் தலைமுறையில் அப்படிக் கிழிவதைத் தடுக்கும் கிளிப் சேஃப் வசதி இருக்கிறது. அதை நண்பர் வீட்டில் ஒரு மாலை மட்டும் பார்த்தேன். கடையில் அன்றைக்கு அது இருந்திருந்தால் அதையே வாங்கியிருக்கவும் கூடும்.

பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்காது, சார்ஜர் செருகியிருந்தால் ஹம் சத்தம் வரலாம். நூறு சதவீதம் சார்ஜ் செய்துவிட்டு, கழற்றிவிட்டு, ஃபிளைட் மோடில் போட்டுப் பதிவேன். புளூடூத் ஹெட்ஃபோன் பதிவுக்கு ஆகவே ஆகாது, தாமதம் காதிலேயே தெரியும்.

சுருதியை மட்டும் அறையில் ஒலிக்க விடாதீர்கள். குரலோடு ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்கவே முடியாது. அதைத் தனி டிராக்கில் முன்பே வைத்து ஹெட்ஃபோனில் கொடுக்க வேண்டும். "காதை அடைச்சுக்கிட்டு எப்படிடா பாடறது?" என்று அப்பா ஒரு வாரம் மறுத்தார். ஒரு காதில் மட்டும் என்று பேசி முடித்தோம். செயலிகளில் உள்ள சுருதி திருத்தும் வசதியை நான் திறப்பதே இல்லை. அது ஸ்வரத்தை நேராக்கும் வேலையில், ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தைக் கொன்றுவிடும்.

பகல் பண்கள் பெரும்பாலும் முடிந்துவிட்டன. இரவுப் பண்களை இரவில்தான் பாடுவேன் என்கிறார் அப்பா. மழை விட்ட இரவுகளில் பின்கட்டில் தவளைச் சத்தம் கூடத்தையே நிறைக்கிறது. மைக்கை ஒரு சாணிலிருந்து நான்கு விரற்கடைக்குக் கொண்டுவந்து நேற்று ஒன்று பதிந்தோம். கடைசி அடியில் அப்பா மூச்செடுக்கும் இடத்தில் மட்டும் தவளை கேட்கிறது. அதை அப்படியே வேவ் கோப்பாக எடுத்து டிரைவில் போட்டுவிட்டேன்.